முழக்கத்துக்குக் கழற்றிய வைஃபை

கரவெட்டியில் மழைக்கு முன் முதலில் காணாமற்போவது வைஃபைதான். நோர்வேயிலிருந்து நான் வந்து தங்கியிருந்த அண்ணை வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு இருந்தபோது இதைக் கண்டேன். மத்தியானமே மேற்கில் இருட்டிக்கொண்டு வந்தது. திரையின் மூலையில் அயல்வீட்டு வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக நின்றன: ஒரு பிள்ளையின் பெயர், சந்திக் கடையின் பெயர், வெறும் எண்கள். தூரத்தில் ஓர் இடிமுழக்கம் கேட்டது. கடைசிப் பெயர் மறைந்தது. இன்னொரு முழக்கம், நடுவில் ஒன்று போயிற்று. யாரோ ஒழுங்கை வழியே வந்து வீடு வீடாக விளக்கை ஊதி அணைக்கிறார்கள் என்று அரைத்தூக்கத்தில் நினைத்தேன். பிறகு அண்ணை வீட்டுப் பெயரும் போனது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

நோர்வேயின் வடக்கில், துரோம்சோவில், என் மகள் ஆரணி, அங்கே காலையாகும் அந்நேரம் மீண்டும் காரோட்டப் போவதாகச் சொல்லியிருந்தாள். போன குளிர்காலத்தில் பனி இறுகிய வீதியில் அவளுடைய கார் வழுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. தோள் எலும்பு பொருந்திவிட்டது. அவள் சிரிக்கிறாள், பேருந்தில் வேலைக்குப் போகிறாள். நான்தான் இன்னும் அந்தப் பள்ளத்திலேயே கிடக்கிறேன்; குசினியில் கரண்டி விழுந்தாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கணினியில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். அதில் அவள் ஒரு நீலப் புள்ளி. காருக்குள் ஏறிவிட்டாளா, வாசலில் நிற்கிறாளா என்று தெரியாத இடத்தில் அந்தப் புள்ளி உறைந்து நின்றது. கைத்தொலைபேசியும் அதே வைஃபையில்தான் உயிர் வாழ்ந்தது. என் நோர்வே சிம்முக்கு இங்கே மூச்சில்லை.

பிழை என் கணினியில் இருக்கவேண்டும் என்று விரும்பினேன். என் பக்கத்துப் பிழை என்றால் அவள் பக்கம் எல்லாம் சரி என்று மனம் கணக்குப் போட்டது. வைஃபையை அணைத்து மறுபடி போட்டேன். கணினியை நிறுத்தித் தொடக்கினேன். 'கிளெம்' என்று நோர்வேஜிய மொழியில் ஒரு பொத்தான் இருக்கிறது. மறந்துவிடு என்று பொருள். அதை அழுத்த, அண்ணை வீட்டை அது மறந்தது. கடைசியில் 'ஃபைல்ஸோக்கிங்', அதாவது பிழை தேடுதல். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய், பிழை எதுவும் காணப்படவில்லை என்றது. ஆசுபத்திரியில் அன்று வைத்தியர் வெளியே வந்து எதுவும் சொல்லாமல் நடந்துபோன நேரம் நினைவுக்கு வந்தது.

துரோம்சோவில் எங்கள் அடுக்குமாடியில் இந்தப் பட்டியல் ஒருபோதும் சுருங்குவதில்லை. பனிப்புயலிலும் எல்லாப் பெயர்களும் பூட்டுப்போட்டபடி நிற்கும். எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்று எனக்குத் தெரியாது. போன புதிதில் ஒருநாள் இணைப்பு அறுந்தது. உங்களிடமும் இல்லையா என்று கேட்க எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவுச் சங்கிலி விட்ட இடைவெளியால் பார்த்த மனிதர், தன் நாய் குரைப்பதைப் பற்றி முறையிட வந்திருக்கிறேன் என்று எண்ணிவிட்டார். நான் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆட்ட, இன்னும் அதிகமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்த நாயை மாடிப்படியில் காணும்போதெல்லாம் எனக்கே குற்றவுணர்வாக இருந்தது.

இங்கே தட்டுவதற்குப் பூட்டிய கதவு இல்லை. எழுந்து குசினிக்குப் போனேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள், ரவுட்டரின் வயரைச் சுற்றி அரிசிப் பானைக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார்.

"வைஃபை போயிட்டுது மச்சாள்."

"போகேல்லை. நான்தான் கழட்டினனான். முழங்குது எல்லே? போன மாரிக்கு முன்வீட்டுக்காரற்றை தென்னையிலை இடி விழுந்து ரீவி, பிறிஜ் எல்லாம் கருகினது. இப்ப முழங்கினா ஊரே கழட்டும்."

"ஆரணி கார் எடுக்கிறாள். ஒருக்கா கொழுவுங்கோவன்."

"பிள்ளை, இடி இஞ்சை. உன்ரை மோள் அங்கை. நீ இதைக் கொழுவினா அவளின்ரை கார் நேராப் போகுமே?"

மழை இறங்கியது. ஓட்டின் மேல் விழுந்த இரைச்சலில் மச்சாள் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. முற்றம் வெள்ளையாகிவிட்டது. மழையா பனியா என்று ஒரு கணம் புரியவில்லை. அந்த வெள்ளைக்குள் சக்கரங்கள் மேலே பார்த்தபடி ஒரு கார் கிடந்தது. கண்ணைக் கசக்கினேன். மல்லிகைப் பந்தல்.

மழை ஓய்ந்ததும் திரையில் பெயர்கள் திரும்ப முளைத்தன. முதலில் சந்திக் கடை, பிறகு அந்தப் பிள்ளையின் பெயர். என் கணினி அந்த வீட்டை மறந்திருந்ததால் ரவுட்டரைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த கடவுச்சொல்லை மச்சாள் எழுத்துக் கூட்டி வாசிக்க, நான் இரண்டுமுறை பிழையாக அடித்தேன். "உனக்கு ஆர் படிப்பிச்சது?" என்றார். இணைந்த உடனேயே அழைப்பு வந்தது. ஆரணி வேலையிடத்து வாகனத் தரிப்பிடத்தில், தொப்பியோடு.

"வந்து சேர்ந்திட்டன் அம்மா."

"வழுக்கினதோ?"

"இல்லை." தொப்பியைக் கழற்றினாள். "ஒண்டு சொன்னால் கோவிக்காதையுங்கோ. நான் கனநேரம் காருக்குள்ளை சும்மா இருந்தனான். நீங்கள் ஒன்லைனிலை நிக்கிறியள் எண்டு காட்டுற பச்சை வெளிச்சம் போனாப் பிறகுதான் எடுத்தனான். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தா எனக்குக் கார் எடுக்க ஏலாமக் கிடக்கு."

கோபம் வரவில்லை. பின்னால் மச்சாள் வேண்டுமென்றே சட்டிகளை உருட்டினார்.

அடுத்த நாள் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அங்கே விடியாத காலை. அவள் புறப்படும் நேரம். நான் போய் ரவுட்டரைக் கழற்றினேன்.

"முழங்கேல்லையே, ஏன் கழட்டுறாய்?"

"அங்கை முழங்குது மச்சாள்."

மச்சாள் என்னைப் பார்த்தார். "ஓஞ்சாப் பிறகு சொல்லு, கொழுவுவம்" என்று தேங்காய் துருவப் போய்விட்டார்.

முன்னறைக் கதிரையில் இருந்து கண்களை மூடினேன். முற்றத்து வெயில் இமைகளில் சிவந்தது. அந்தச் சிவப்புக்குள் விடியாத வீதி ஒன்றில், ஆணி பதித்த சக்கரங்கள் பனியை அரைக்க, ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. நான் அதில் இல்லை.