ஒட்டகத் தடத்தில் கூப்பிட்ட குரல்

நான் நர்ஸ். சாவைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை. லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், இது நடந்தது. பெயரைக்கூட மாற்றவில்லை... ஜோஸ்மி.

ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. வேலை ஓமானில், சலாலாவில். என் கணவர் ஜெகின் ஏசி டெக்னீஷியன். லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடுவார். கூட்டம் போகிற இடம் அவருக்குப் பிடிக்காது. போன ஆகஸ்ட், சாரலும் பனிமூட்டமுமான கரீஃப் சீசன். மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு பழைய ஒட்டகத் தடத்தை யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். மேப்பில் இல்லாத வழி. நானும் கூடப் போனேன்.

மதியம் இறங்க ஆரம்பித்தோம். பாதி வழியில் பனி மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஜெகின் முன்னால் போனார். அவர் ஷூ சரளைக்கல்லில் மிதிபடும் சத்தம்தான் எனக்கு வழி.

சரக்... சரக்... சரக்...

சத்தம் நின்றது.

"ஜோஸ்மி... இங்க வா."

அவர் குரல்தான். இடது பக்கமிருந்து.

நடந்தேன். காலடியில் சரளைக்கல் போய், ஈரப் புல் வந்தது. ஒட்டகம் நடக்கிற தடத்தில் புல் ஏது என்று தோன்றியது. குரல் மறுபடி கூப்பிட்டது. நான் எவ்வளவு நடந்தும் அது அதே தூரத்தில் இருந்தது.

"நீங்க எங்க நிக்கிய?" என்றேன்.

"ஜோஸ்மி... இங்க வா."

மூச்சிரைப்பே இல்லாத குரல்.

அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஜெகின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பிள்ளே' என்றுதான் கூப்பிடுவார்.

நின்றேன்.

கீழே... ரொம்பக் கீழே... அலைச் சத்தம்.

காலால் முன்னால் துழாவினேன்.

தரை இல்லை.

பின்னாலிருந்து ஒரு கை என் முதுகுப் பையைப் பிடித்து இழுத்தது.

ஜெகின். முகம் வெளுத்திருந்தது. கால் சறுக்கி ஒரு பாறையோரம் உட்கார்ந்துவிட்டாராம். நான் அவரைத் தாண்டிப் போனேனாம்.

"பிள்ளே, பிள்ளேன்னு தொண்ட கிழிய விளிச்சேன். உனக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவேயில்லை. நான் கேட்ட குரல் அவருக்குக் கேட்கவில்லை.

கையை விடாமல் மேலே ஏறினோம்.

செப்டம்பர் முதல் வாரம். கீழக்கரைக்காரர் ஒருவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் சுஐபு. முந்தின நாள் அதே தடத்தில் விழுந்து இரண்டு காலும் முறிந்திருந்தது. பக்கத்தில் போய், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இந்தக் குரல்தான்..." என்றார். "பனிக்குள்ள என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது இந்தக் குரல்தான்."

அவர் விழுந்த நேரத்தை விசாரித்தேன்.

அந்த நேரம் நான் இதே வார்டில் டியூட்டியில் இருந்தேன்.