ஜரிகை ஒட்டிய கிருஷ்ணன்

எங்கள் வீட்டுச் சாமி படங்கள் மாடிப்படிக்கு அடியில், சாக்குப் போர்த்திக்கொண்டு இருந்தன. முருகனே ஒரு சமயம் ஐந்தாறு பேர் இருந்தார். பக்தி மிகுந்த குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் விற்பனைக்கு.

அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் விற்பனையாட்கள் உட்காரக் கூடாது. காலையிலிருந்து இரவுவரை நின்று நின்று முழங்கால் போனது, பின்னாலேயே வேலையும் போனது. அம்மா இரண்டு வீடுகளில் சமைத்துக் கொண்டுவந்ததில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் ஒரு பிள்ளையார் கோயில், அதை ஒட்டி ஓர் அரசமரம். கண்ணாடி விரிசல் விட்ட படம், கரையான் தொட்ட படம், வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது மிஞ்சிய படம் எல்லாம் அந்த மரத்தடிக்கு வந்து சேரும். சாமியைக் குப்பைத்தொட்டியில் போடப் பயம், வீட்டில் வைத்திருக்கவும் பயம். மரத்தில் சாய்த்து வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

வேலையில்லாத ஒரு நாள் அப்பா அங்கே ஒரு லட்சுமியைப் பார்த்தார். பழைய அச்சுப் படம். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் இந்த மாதிரிப் படங்களில் புடவை இருக்கும் இடத்தில் நிஜமான பட்டுத் துணியும் ஜரிகையும் வெட்டி ஒட்டுவார்களாம். அப்பா உடைந்த கண்ணாடிக்குள் விரலை விட்டு ஜரிகையை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகை என்று அர்த்தம். முழங்காலைத் தின்ற கடை இந்த ஒரு வித்தையையாவது கற்றுக்கொடுத்திருந்தது.

அடையாறில் ஒரு மேடம் இருந்தார். காபிக் கடைகளுக்கும் பெரிய வீடுகளுக்கும் சுவர் அலங்காரம் செய்து கொடுப்பது அவர் தொழில். அப்பாவிடம் புடவை வாங்கிய பழக்கம். லட்சுமியைப் பார்த்ததும், "இந்த மாதிரி எது கிடைச்சாலும் எனக்குத்தான் ஃபர்ஸ்ட் காட்டணும், ஓகே?" என்றார். அவர் கொடுத்த பணத்தில் வாடகை தீர்ந்தது. அன்றிலிருந்து அப்பா தினமும் பிள்ளையாரைப் பார்க்கப் போனார். பிள்ளையாருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னையும் பழக்கினார். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் மரத்தடியில் ஒரு கண் வைக்க வேண்டும். பின்பக்கம் அட்டை என்றால் புதுசு, விட்டுவிடலாம். மரப்பலகை என்றால் பழசு, ஓடிவந்து சொல்ல வேண்டும். வாய்ப்பாடு ஏறாத மண்டையில் இது மட்டும் நன்றாக ஏறியது.

அம்மாவுக்கு ஆகவில்லை. "அடுத்த வூட்டு சாமிய இட்டாந்து விக்கிறியே, நம்ம குடும்பம் உருப்படுமாய்யா? நான் வேற வயித்துல புள்ளைய வச்சிக்கினு கீறேன்" என்பாள்.

"நான் இன்னா கோயில்லயா திருடுனேன்? மழையில நனைஞ்சிக்கினு கெடந்துச்சி. ஏசி ரூம்ல கொண்டு போயி வைக்கிறேன். புண்ணியம்டி."

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. படங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அதனால்தான் மாடிப்படியும் சாக்கும்.

போகி வந்தால் எங்களுக்குத்தான் தீபாவளி. ஊரே பழசைக் கழிக்கும். அந்தப் போகியன்று தெருவெல்லாம் டயர் புகை, கண் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் கிருஷ்ணனைப் பார்த்தேன். ஒரு கையில் வெண்ணெயோடு தவழ்கிற குழந்தைக் கிருஷ்ணன். இடுப்பில் பச்சைப் பட்டு, அதைச் சுற்றி ஜரிகை, கழுத்தில் யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாக ஒட்டிய பாசிமணிகள். தேக்குச் சட்டம். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அதிர்ஷ்டம் என்றால் இதுதான் என்று அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், முழங்கால் வலியையும் மறந்து.

மாடிப்படிக்கு அடியில் வைக்கப் போனபோது அம்மா பார்த்துவிட்டாள். துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, வயிற்றுக்கு மேலாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளே அதை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோனாள்.

"இத்த மட்டும் குடுக்காதய்யா."

மேடத்துக்கு அதற்குள் போனில் போட்டோ போய்விட்டது. அவர் சொன்ன விலை எங்கள் வீட்டில் யாரும் கேட்டறியாத விலை. சாயந்திரம் அப்பா ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து, அம்மா படுக்கிற பாய்க்கு நேர் எதிரே கிருஷ்ணனை மாட்டினார். அப்பா வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அதை நான் முதலில் வைப்பேன்.

அம்மா கண் விழிப்பதே அந்த முகத்தில்தான். வயிற்றில் இருப்பதும் அதே குண்டுக் கன்னத்தோடு வரும் என்பாள். சில சமயம் படத்தைப் பார்த்துப் பேசுகிறாளா, வயிற்றைப் பார்த்துப் பேசுகிறாளா என்று தெரியாது. அந்த வாரங்களில் அம்மா அழகாக இருந்தாள்.

மாசியில் ஒரு மத்தியானம் அவளை ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் துணையாக அத்தை வந்தாள். அம்மா திரும்பி வந்தபோது கையில் மடித்த துண்டு மட்டும் இருந்தது. அத்தை என்னைத் தனியே இழுத்துப் போய், "பாப்பா பொறக்கும்போதே உசுரு இல்லடி. அம்மாகிட்ட ஒண்ணியும் கேக்காத" என்றாள்.

நான் கேட்கவில்லை. ஆனால் அத்தை முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கிவந்து அம்மாவின் மார்பில் வைத்து, பழைய துணியால் இறுக்கிக் கட்டியதைப் பார்த்தேன். பால் வற்றுவதற்கு அப்படிச் செய்வார்கள் என்பது யாருக்குத் தெரியும்? வீடெல்லாம் பூ வாசனை அடித்ததால், துக்கம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை ஊருக்குப் போன பிறகு, ஒரு நாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மேடத்திடம் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தால், மரத்தடியில் நம் கிருஷ்ணன். கண்ணாடியில் குங்குமம், சட்டத்தின் மேல் இரண்டு செம்பருத்தி. நிற்கவே தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அம்மாதான் அவ்வளவு தூரம் தூக்கி வந்து வைத்திருக்கிறாள். எனக்கு அது எங்கே எட்டியது? திருடன் எவனோ எடுத்துப் போய், சாமிக்குப் பயந்து போட்டுவிட்டான் என்றுதான் தோன்றியது. படம் என் நெஞ்சளவு இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு, வழியில் இறக்கி வைத்து இறக்கி வைத்து வந்தேன். ஒருமுறை நழுவிச் சட்டத்தின் மூலை பெயர்ந்துவிட்டது.

"அம்மா, நம்ம கிருஷ்ணன்! மரத்தாண்ட கெடந்துச்சி. வேற யாரும் பாக்கறதுக்குள்ள எட்த்துக்கினு வந்துட்டேன்!"

அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கையை நீட்டிப் படத்தை வாங்கி மடியில் கவிழ்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வராத அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். நான் மூலை பெயர்ந்ததற்காக அழுகிறாள் என்று பயந்து, "அப்பா பசை போட்டு ஒட்டிடுவாரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்பா வந்ததும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். மேடத்துக்குக் கொடுத்தால் என்ன என்று வழியெல்லாம் கேட்டேன். படம் விற்கிற தொழிலே அன்றோடு முடிந்தது; அடுத்த மாதமே அப்பா அடையாறில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார். அங்கே நாற்காலி உண்டு.

அன்று மரத்தடியில் கிருஷ்ணனை வைத்துவிட்டு அப்பா அப்படியே நின்றார். பக்கத்தில் அன்று வந்த படங்கள் இரண்டு இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பா, பலகை! பழசுப்பா!"

"வேணாம். வா."

அவர் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். நல்ல படங்களை இப்படி வேறு யாருக்கோ விட்டுவிட்டு வருகிறோமே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த இரண்டும் யார் வீட்டுச் சுவரிலிருந்து எதற்காக இறங்கி வந்தன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.