ஆம்பளை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த கதை

கிராமத்து நர்ஸ் வேலையில் ஊசிக்குப் பயந்து ஓடும் குழந்தைகளைக்கூடப் பிடித்துவிடலாம், அவர்களின் அப்பன்மார்களைத்தான் பிடிக்க முடியாது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, 'குடும்பக் கட்டுப்பாடு' என்று வாயைத் திறந்ததுமே எதிர் நாற்காலி காலியாவதைப் பார்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நான் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும்.

டீக்கடையில் திடீர் அவசரம்

வடக்கனந்தல் பக்கம் என் பொறுப்பில் இருந்த ஒரு ஊரில் அலமேலு என்று ஒரு பெண். மூன்று குழந்தைகள். கடைசிப் பிரசவத்தில் மூச்சுத் திணறி, பிழைத்ததே மறுபிறப்பு. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, இன்னொரு தடவை உண்டானால் உயிருக்கே ஆபத்து, மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்வதும் சரிப்படாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை கூடாது. காப்பர் டி வைத்து, ரத்தப்போக்கு தாங்காமல் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்த ஒரே வழி அவள் புருஷன் கோவிந்தன். நாள் தள்ளிப்போய்விடுமோ என்று மாதாமாதம் அவள் பட்ட பயத்தைப் பார்த்து எனக்கே தூக்கம் கெட்டது.

கோவிந்தன் கரும்பு வெட்டுகிறவன். நல்லவன், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவனை டீக்கடையில் மடக்கினேன். "ஆம்பளைங்களுக்குக் கத்தியே கிடையாது, சின்னதா ஒரு துளை, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்" என்று ஆரம்பித்ததும் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தார். சுடச்சுட டீ கையில் இருந்ததால் கோவிந்தன் மட்டும் மாட்டிக்கொண்டான். அவனுக்காகக் கடைக்காரர் பதில் சொன்னார்:

"இன்னா நர்சம்மா, இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். வூட்டாண்ட போய்ப் பேசுங்க. இங்க பேசினா என் வியாபாரம் கெட்டுப்போவுது."

மாமியார் தீர்ப்பு

சரி, வீட்டுக்கே போனேன். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டில் தனிக்குடித்தனம் இருந்த கோவிந்தனின் தம்பி, சட்டையைக்கூடப் போடாமல் பின்வாசல் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்தான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், அடுத்த குறி தான்தான் என்று தெரிந்திருக்கும்.

கோவிந்தனின் அம்மா பச்சையம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளுக்கு மூச்சு வாங்கினால் முதுகைத் தடவிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பாள். ஆனால் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. கோவிந்தன் அரிவாள் பிடித்தால்தான் அடுப்பு எரியும். அவள் பயம் எனக்குப் புரிந்தது. பலம் ஒன்றும் குறையாது என்று தொண்டை வறளச் சொன்னேன். அலமேலு பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பச்சையம்மாள் தீர்ப்பைச் சொன்னாள். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் குடையை மறந்துவிட்டு வந்தேன்:

"அவன் ஆம்பள நர்சம்மா. அவனுக்குப் பலம் கம்மியாயிட்டா ஆறு வயிறும் காயும். இவதான் இன்னும் கொஞ்சம் தைரியமா இருக்கணும்."

மலையிலிருந்து இறங்கிய சாட்சி

தைரியம் கெட்டுப்போன வால்வைச் சரி செய்யுமா? யோசித்து யோசித்து, கல்வராயன் மலையில் வேலை பார்த்தபோது பழக்கமான பொன்னனைப் பிடித்தேன். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று தானாகவே வந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஆள். வாய் ஜாஸ்தி. பலாப்பழம் விற்கக் கீழே இறங்கிய அன்று அவரை நேரே அதே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷன் செய்துகொண்ட மலைக்காரர் இவர் என்றதும் பெஞ்சில் ஒரு நக்கல் சிரிப்பு ஓடியது.

பொன்னன் வாசலில் லாரிக்காக வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கு மூட்டையை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்தார். வைத்தபடியே ஒரு கையை நீட்டி டீ வாங்கி, ஊதி ஊதிக் குடித்து முடித்தார். நான் கை தட்டியேவிட்டேன்! அரசாங்க நர்ஸ் டீக்கடை வாசலில் கை தட்டக் கூடாது என்று எந்த விதியும் நான் படித்ததில்லை. சிரித்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து நின்றார்கள். கோவிந்தன் மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். கடைக்காரர் மெதுவாகக் கிட்டே வந்து, "பலம் சரி... மத்ததெல்லாம்?" என்று இழுத்தார். பொன்னன் தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"அதுக்கு நீ மலையேறி வந்து என் பொண்டாட்டியத்தான் கேக்கணும். வர்றதுக்கு மின்ன சொல்லிட்டு வா, அவ கையில எப்பவும் அருவா இருக்கும்."

வீட்டுக்காரர் எங்கே?

மறுநாளே கோவிந்தன் சம்மதித்துவிட்டான். பச்சையம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆபரேஷன் முகாம் நாளன்று பஸ்ஸில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. நான்கு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அலமேலு அவன் கையைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிறவர் காலமெல்லாம் பெண்களையே பதிந்து பழகியவர். தலையைத் தூக்காமலே கோவிந்தனிடம், "வூட்டுக்காரர் கையெழுத்து வேணும். அவரு வரலன்னா அடுத்த தபா வாங்க" என்றார். கோவிந்தனின் முகத்தில் தப்பித்தோம் என்ற மலர்ச்சி! "அப்ப பொறவு வரேங்க" என்று வாசல் பக்கம் திரும்பியேவிட்டான். இன்று விட்டால் இவனை இனி யார் பிடிப்பது? அலமேலு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். வீட்டில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவள் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "எனக்குன்னா இவரு கையெழுத்து போடணும்ங்கறீங்க. இவருக்கு நான் போடணுமா, வேணாமா?"

பதிகிறவர் அப்போதுதான் நிமிர்ந்து கோவிந்தனின் மீசையைப் பார்த்தார். சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "யாருக்காகவும் யாரும் போட வேணாம்மா. யார் உடம்போ அவங்க சம்மதம் போதும். சட்டம் அப்படித்தான் இருக்கு" என்றார். "இல்லீங்க, இங்க வழக்கம்..." என்று பதிகிறவர் இழுக்க, "அந்த வழக்கம் இன்னையோட சரி" என்றார் டாக்டரம்மா. சுவரோரம் உட்கார்ந்திருந்த மல்லிகா என்ற பெண் எழுந்தாள். அவள் புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவன். தன் ஆபரேஷனுக்கு வந்து, அவன் கையெழுத்து இல்லை என்று ஏற்கெனவே திருப்பி அனுப்பப்பட்டவள். நேரே மேஜைக்கு வந்து நின்றாள். எனக்கு விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அன்று அடித்திருப்பேன்.

"அப்ப என் பேர எழுதுங்க சார். நான் கையெழுத்து போட்டுக்கினுதான் போவேன்."

பின்வாசல்

கோவிந்தன் உள்ளே போன வேகத்தில், "அவ்ளோதானா?" என்று நடந்தே வெளியே வந்தான். அவ்வளவுதான் இல்லை என்பதுதான் சிக்கல். மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், பிறகு பரிசோதனையில் விந்தணு இல்லை, சுத்தம் என்று வந்தால்தான் நிம்மதி. அந்த மூன்று மாதமும் நான் அவனைத் துரத்தித் துரத்திக் கேட்டதில், என் சைக்கிளைக் கண்டாலே தூரத்திலிருந்து "போட்டுக்கினுதான் இருக்கேங்க!" என்று கத்த ஆரம்பித்தான். ஓய்வு முடிந்து அவன் எப்போதும்போலக் கரும்பு வெட்டுவதை ஊரே வேடிக்கை பார்த்தது.

பரிசோதனை முடிவு வந்த அன்று, "இனி பயமில்லை" என்றார் டாக்டரம்மா. அலமேலு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நானும் அப்படியேதான். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே பச்சையம்மாள் நிற்கிறாள். சண்டைக்குத்தான் என்று நினைத்துத் தயாரானேன். அவள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மறந்துபோன குடையை என் கையில் கொடுத்துவிட்டு, சின்ன மகன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சின்னவன் உள்ளாரதான் இருக்கான். நீங்க வாசல் பக்கமா வாங்க நர்சம்மா, நான் பின்னால போய் நின்னுக்கறேன்."

குடும்பக் கட்டுப்பாட்டில் ஆணும் பெண்ணும் சமம் என்று சட்டம் முன்வாசலில் நின்று எத்தனை சொன்னாலும், பின்வாசலை மறிக்க ஒரு மாமியார் கிடைத்தால்தான் எங்கள் வேலை நடக்கிறது.