‘லைட் வர்க்’ என்றால் எவ்வளவு?

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு பெண் மூச்சிரைக்க என் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றாள். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் பாக்கியம் இடுப்பு வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டாளாம்.

பாக்கியத்துக்கு இது ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு தடவை நான்காம் மாதத்திலேயே கலைந்து போயிற்று. இரண்டையும் என் டயரியில் நானே குறித்திருக்கிறேன். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும்...

முந்தின நாள்தான் அவளைச் சோதித்திருந்தேன். லீவு எழுதட்டுமா என்று கேட்டேன். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் ஏது? வேண்டாம் என்றாள். ஆகவே வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டே ஆங்கில வார்த்தை – லைட் வர்க், இலேசான வேலை. கீழே தேதி, கையெழுத்து.

ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினோரு வருஷமாக மருந்து கொடுக்கிறேன். எத்தனை துண்டுகளில் இதை எழுதியிருப்பேன்! எழுதிக் கொடுத்த பிறகு அந்த ஆள் எங்கே போனார், என்ன செய்தார் என்று ஒரு தடவையாவது போய்ப் பார்த்தேனா?

செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.

பாக்கியம் ஒரு சாக்கின் மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு மண்ணெண்ணெய் டின்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. தண்ணீர் கீழே ஓடையில். இறங்கி எண்ணினேன் – நாற்பத்திரண்டு படி. ஆறு நடை நடந்திருக்கிறாள்.

கணக்கப்பிள்ளையிடம் கோபமாகப் பேசிவிட்டேன். அவர் கெட்டவரல்ல. பாக்கியத்தை மலைக்கு விடாதீர்கள் என்று காலையில் மற்றப் பெண்களிடம் சொன்னவரே அவர்தான். கோட்டுப் பையிலிருந்து என் துண்டை எடுத்து, மடிப்பை நீவி, என் முன்னே நீட்டினார்.

“நீங்க எழுதினதத்தானே ஐயா குடுத்தேன். கூடை கெடையாது, மலையேத்தம் கெடையாது. லைட் வர்க்குன்னா நமக்குத் தவறணைதான். வேற எதுன்னு நீங்க எழுதலியே.”

துண்டை வாங்கித் திரும்ப வாசித்தேன்.

யோசித்துப் பாருங்கள். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் ‘லைட் வர்க்’ என்று எழுதினால், கட்டில் காலியாக வேண்டும் என்று அர்த்தம். தோட்டத்தை நடத்தும் துரை அதை வாசித்தால், ஆள் வேலைக்கு வந்தாயிற்று என்று அர்த்தம். கணக்கப்பிள்ளைக்கோ, கொழுந்து பறிப்பதைத் தவிர மற்ற எல்லாமே லைட் வர்க்தான். நான் எழுதினால்? என் பொறுப்பு தீர்ந்தது என்று அர்த்தம்... வேறென்ன?

இருமல் மருந்து கொடுக்கும்போது ஒரு அவுன்ஸ், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதுகிறவன் நான். பாட்டிலில் அளவுக் கோடு ஒட்டாமல் கொடுப்பதில்லை. வேலைக்கு மட்டும் ஏன் அளவு எழுதவில்லை?

நாங்கள் இருவரும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்:

“ஐயா, அந்தத் துண்ட நீங்களே எடுத்துக்கிருங்க. நான் கொழுந்துக்கே போறேன். கூடையில எவ்வளவு போடுறதுன்னு என் கையில இருக்கு. கொறஞ்சா கணக்கப்பிள்ளை ஐயா ஏசுவாரு. ஏச்சு வயித்துல படாதுங்களே.”

“நான் எப்ப ஏசினேன்?” என்றார் கணக்கப்பிள்ளை. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் டயரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். தமிழில் எழுதினேன் – மூன்று நாள் படுக்கை. பிறகு உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும். தண்ணீர் தூக்கக் கூடாது. படி இறங்கக் கூடாது.

கணக்கப்பிள்ளை உரக்க வாசித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

“உக்காந்து செய்யிற வேல தோட்டத்துலயே ரெண்டுதான் ஐயா. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுது.”

ஆனாலும் யோசித்தார். பதியம் போடுவதற்காகத் தேயிலைக் கிளைகளைத் துண்டு துண்டாக நறுக்குகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. கையில் ஒரு கத்தி போதும், அங்கே உட்கார வைக்கிறேன் என்றார். மூன்று நாள் சம்பளம் போகும் என்பதையும் பாக்கியத்திடம் ஒளிக்காமல் சொன்னோம். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து கொட்டகையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையான இன்று, இதை எழுதும் வரைக்கும் வலி திரும்பவில்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை டிஸ்பென்சரியைத் திறக்குமுன்பே ஏழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஒவ்வொரு கையிலும் கணக்கப்பிள்ளையிடம் திரும்ப வாங்கி வந்த, நான் எழுதிய பழைய ‘லைட் வர்க்’ துண்டு ஒன்று. முதலாவதாக நின்றவள் அதை நீட்டினாள்.

“எனக்கும் தமிழ்ல எழுதிக் குடுங்க ஐயா.”

மத்தியானம் வரை எழுதினேன்... மருந்து யாரும் கேட்கவில்லை.