சேசுராஜின் பகல் ஷிப்ட்

1. மேஜைக்கு வந்த கடிதம்

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம், தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசராகக் குப்பை கொட்டியவன் நான். இன்று அதே மாதிரி நாற்காலிகளில் உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல அல்ல, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, சேசுராஜின் டிஸ்மிஸ் கடிதம் என் கையெழுத்துக்காக வந்தது. அவர் ஸ்பின்னிங்கில் சைடர். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓட ஓட, அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. அந்தக் கை வேகம் மில்லில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஆப்சென்ட். மூன்று மெமோ போயாகிவிட்டது.

கூப்பிட்டு விசாரித்தேன். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"தூக்கம் கெட்டா காதுல ஆளுக பேசுறாப்புல கேக்குது சார். மாத்திரை போட்டுத் தூங்குனாச் சரியாயிருது. முழு நைட்டு வந்தா எப்பிடித் தூங்குறது?"

எங்கள் மில்லில் பகல், சாயந்தரம் தொடங்கி நடுராத்திரி வரை அரை நைட், நடுராத்திரியிலிருந்து காலை வரை முழு நைட் என்று வாரா வாரம் ஷிப்ட் சுற்றும். மில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். யாருக்கும் விலக்கு கிடையாது.

2. என் பெரிய மனசு

எனக்கு மனசு இளகிவிட்டது. கடிதத்தை டிராயருக்குள் போட்டேன். ஃபேக்டரி மேனேஜரிடம் பேசி, சேசுராஜை வேஸ்ட் ரூமுக்கு மாற்றினேன். பகல் முழுக்க உட்கார்ந்தபடி கழிவுப் பஞ்சைப் பிரிக்கலாம். சத்தம் இல்லை, நைட் இல்லை. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்து அன்று வீட்டில் ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஆள் வரவில்லை. நான்காம் நாளும் இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாடிக்கொம்பில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்றபடி கேட்டார்.

"எனக்கு உடம்புக்கு முடியலன்னு சொன்னேன். வேல தெரியாதுன்னு சொன்னேனா சார்? பதினோரு வருசமா ஃபிரேம் ஓட்டுனவன குப்பப் பஞ்சு பொறுக்க விட்டுட்டீகளே."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "என்ன செஞ்சா உங்களுக்கு ஒத்துவரும், சேசு?"

"என் ஃபிரேமக் குடுங்க. ஷிப்ட்ட மட்டும் பகலாக்குங்க. மாசத்துல ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு விடுங்க. அம்புட்டுத்தான்."

3. கேன்டீனில் மூன்று பேர்

மேனேஜர் குதித்தார். "ஒருத்தனுக்கு மாத்துனா ஊரே வந்து நிக்கும்யா! அதே ஃபிரேமை ஓட்டுற மத்த ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தாப் பாப்போம். ஒருத்தன் மாட்டேன்னாலும், அந்த டிஸ்மிஸ் லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போடுறீங்க."

அந்த இருவர், கருப்பையாவும் முத்தையாவும். சேசுராஜ் பகலிலேயே நின்றுவிட்டால் இரண்டு நைட்டும் இவர்கள் தலையில் விழும். மூவரையும் கேன்டீனில் உட்கார வைத்தேன். விஷயத்தை நான் சொல்லவா என்று சேசுராஜிடம் முன்பே கேட்டிருந்தேன். "என் சமாச்சாரம், நானே சொல்லிக்கிறேன்" என்றவர், காதில் கேட்கிற குரல் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். டீ டம்ளரில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

முதலில் பேசியது கருப்பையா. "ஏலே, இத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? சார், அரை நைட்ட எனக்கே எழுதிருங்க. காலைல அய்யலூர் சந்தையில ஆடு பாக்கப் போறதுக்காகத்தான் பொய் பொய்யாச் சொல்லி லீவு வாங்குறேன். இனி சொல்லப் பொய்யே இல்ல."

முத்தையா முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்.

"அப்ப முழு நைட்டு பூராம் எனக்கா?" என்றார்.

"ஆமா" என்றேன் மெதுவாக.

"எப்பவுமேவா? திருப்பி மாத்த மாட்டீகளே? கன்னிவாடியில தோட்டத்துக்குப் பகல்ல தண்ணி பாய்ச்ச ஆளில்லாம தவிச்சுக்கிட்டு இருக்கேன் சார். சாயந்தரம் செத்த நேரம் படுத்து எந்திரிச்சா எனக்குப் போதும்."

ஆக, நியாயம் நியாயம் என்று நாங்கள் வருஷக்கணக்காகச் சுற்றிய ஷிப்ட் இந்த மூன்று பேரில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஒரு ஆபீசரும் இவர்களைக் கேட்டதில்லை, நான் உட்பட. அங்கேயே காகிதம் வாங்கி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஓரத்தில் 'சரி' என்று எழுதினார்.

4. ஆயுத பூஜை

அதற்கு அடுத்த வருஷத்து ஆயுத பூஜைக்கு, வருஷம் முழுக்கச் சொல்லாமல் ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகாதவர்களுக்குப் பரிசு. மேனேஜர் மைக்கில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சேசுராஜ், ஸ்பின்னிங்" என்றார். கருப்பையா அடித்த விசில் வேஸ்ட் ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். முத்தையா நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார்.

எவர்சில்வர் தூக்குவாளியை வாங்கிக்கொண்ட சேசுராஜிடம், "ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்று மைக்கை நீட்டினார்கள்.

"பகல் ஷிப்ட் கேட்டேன், குடுத்தாக. வந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

பொரிகடலைப் பொட்டலம் வாங்கும்போது மேனேஜர் பக்கத்தில் வந்தார். "ஆமா, அந்த டிஸ்மிஸ் லெட்டர் எங்க?"

"கேன்டீன்ல கையெழுத்து வாங்குன அன்னைக்கே கிழிச்சுட்டேன் சார்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"ஆமா சார். இந்த விஷயத்துல நான் யாரையும் கேக்காமச் செஞ்சதுல அது ஒண்ணுதான் சரியா வந்துச்சு."