பதிமூன்று கட்டம்

புதிதாக ஈ.சி.ஜி. எடுக்க வரும் பிள்ளைகளுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் கோட்டை விடப் பார்த்த கதைதான் உங்களுக்கு உதவும்.

காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்தேன். மார்பில் ரப்பர் பல்ப் ஒட்டி எடுக்கிற பழைய மெஷின். அந்த ஜெல் வாசனைக்கும் ரோல் பேப்பர் நகரும் சத்தத்துக்கும் இன்றும் மனம் ஏங்குகிறது. அளவெல்லாம் அது போடாது, தாளில் அச்சாகியிருக்கும் சின்னக் கட்டங்களை நாம்தான் எண்ண வேண்டும். கூட்டம் இருந்தால் நான் எண்ண மாட்டேன், கண்ணாலேயே அளந்து அனுப்பிவிடுவேன்.

பிள்ளையார்பாளையம் தணிகாசலம், பட்டுப் புடவை பார்டருக்கு கிராஃப் தாளில் டிசைன் போடுபவர். மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அந்த மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. எடுக்க வருவார். அன்று வரிசை வாசல்வரை நின்றது. "நார்மல்தான், கெளம்புங்க" என்றேன். அவர் நகரவில்லை. பையிலிருந்து பழைய ஈ.சி.ஜி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், போன தபா இந்த முள்ளு ஆரம்பிச்சதிலேர்ந்து இந்த மேடு எறங்குற வரைக்கும் பத்து கட்டம். இப்ப பதிமூணு இருக்குது."

"மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. டாக்டர் பாத்துப்பாரு."

அவர் எண்ணுவதே நோயின் வேலை என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"ஒரு கட்டம் தப்புனா பார்டர்ல மயிலு கழுத்து கோணிக்கும் மேடம். நான் தப்பா எண்ண மாட்டேன்."

வேண்டாவெறுப்பாக எண்ணினேன். பதிமூன்று. துடிப்பின் வேகம் இரண்டு தாளிலும் ஒன்றேதான்; அப்படியிருந்தும் அந்த இடைவெளி இவ்வளவு நீண்டிருப்பது ஆபத்து. இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் அவரைக் கூப்பிட்டு, "புதுசா வேற மாத்திரை எதனா சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"சளிக்கு மெடிக்கல்ல குடுத்தாங்க சார். நாலு நாளா சாப்ட்டுக்கினு இருக்கேன். நேத்துலேர்ந்து தல சுத்துது."

அந்தச் சளி மருந்து ஓர் ஆன்டிபயாடிக்; அதுவும் பழைய மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. உடனே அட்மிஷன் போட்டு மானிட்டர் மாட்டினார்கள். "வீட்டுக்கு அனுப்பியிருந்தா உயிரே போயிருக்கும்மா" என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை வந்த தணிகாசலம், நான் தாளைக் கிழித்ததும் கையை நீட்டினார். "இருங்க, மொதல்ல நான் எண்ணுறேன்" என்றேன். பத்து. பிறகு அவர் எண்ணிப் பார்த்து, "கரெக்டா எண்ணிக்கிறீங்க மேடம்" என்று எனக்கு மார்க் போட்டார்.

இப்போது மெஷினே அளவு போட்டுத் தருகிறது. தரட்டும். படுத்திருப்பவர் ஏதாவது சொன்னால், எந்த நோய்க்கு வந்தவராக இருந்தாலும், வரிசையை நிற்க வைத்துவிட்டுக் கேளுங்கள்.