பிரைட்டன் தேய்த்த கல்

வீட்டு ஜெபத்துக்கு முந்தின நாள் பித்தளைப் பூச்சாடிகளைப் புளி போட்டுத் தேய்ப்பது புதுக்கடை பிரைட்டனின் வேலை. மொராக்கோவில் கோபால்ட் சுரங்கத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். கறுத்தது எதுவானாலும் தன் கையில் வெளுக்கும் என்று நம்புகிறவர். சர்ச் ஜெனரேட்டர் முதல் பக்கத்து வீட்டு மிக்சி வரை அவர் கை பட்டு ஓடுகிறவைதான்.

அந்தச் சனிக்கிழமை பூச்சாடிகளோடு எரித்ரைட் என்ற தாதுக்கல்லையும் புளித்தண்ணீரில் போட்டார்.

சுரங்கத்தின் நினைவாக அவரிடம் இருந்தது அந்தக் கல் மட்டும்தான். சாம்பல் பாறையின் மேல் செம்பருத்தி நிறத்தில் ஊசி ஊசியாகப் படிகங்கள். திங்கட்கிழமை அது நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் போகிறது, அவர் பெயரும் கல் கிடைத்த இடமும் எழுதிய அட்டையோடு. ஊரில் அவரைத் துபாய்க்காரர் என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டார். இனி அந்த அட்டை சொல்லிக்கொள்ளும்.

வேதியியல் ஆசிரியையான மனைவி பெமிலா அடுக்களைக்குள் வந்தபோது தண்ணீர் இளஞ்சிவப்பாகியிருந்தது. கல்லின் மேல் தேங்காய் நார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்த செய்யுதீங்க?"

"அழுக்கு எறங்குது பாரு, ஏட்டி."

"அழுக்கா? அதாக்கும் கல்லே! நகம் பட்டாலே கீறும், புளியில கரையும். ஆர்சனிக் வேற. கைய எடுங்க, சோப்பு போடுங்க."

"வெளுக்கலேண்ணாலும் ஏசுவ. வெளுத்தாலும் ஏசுவியா?"

வழக்கம்போல அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடி மூட்டில் ஊற்றப் போனவரைத் தடுத்து, பெமிலா கையுறை போட்டு, பள்ளி ஆய்வகத்தில் ஒப்படைக்க அதை ஒரு போத்தலில் அடைத்தார்.

பிரைட்டன் கை துடைத்துக்கொண்டு கேட்டார்: "திரும்ப வளராதா? உள்ள கோபால்ட் கெடக்குல்லா?"

"கோபால்ட்டும் ஆர்சனிக்கும் சேந்த தாது பூமியில மேல்பக்கமா கெடக்கும். காத்தும் மழத்தண்ணியும் எறங்கி எறங்கி அத மாத்தும்போதாக்கும் இந்தச் செவப்பு பூக்கது. எத்தன தலமொற ஆவுமோ!"

"காத்து இருக்கு. மழைக்கும் இஞ்ச பஞ்சமில்ல."

பெமிலா போத்தல் மூடியை இறுக்கினார். பிரைட்டன் கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு பிளவுக்குள் சின்னதாகச் சிவப்பு மிச்சமிருந்தது.

"இந்தா கெடக்கு! மியூசியத்து மேடத்துக்கு இது போதும். அட்டையில மொராக்கோண்ணு எழுதுவாவல்லா?"

பெமிலா போத்தலை எடுத்துக்கொண்டு அடுக்களையை விட்டு வெளியே போனார்.